கண்ணீர் செல்லும் பாதை

பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தை. அதன் ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் ததும்பி நிற்கிறது. காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக் கிடக்கின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. பால் குடிப்பதில் குறைவில்லை. கண்ணின் வெண்மையும் சிவக்கவில்லை. ஆயினும், நீர் நிறைந்த அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தாயின் மனம் துணுக்குறுகிறது.

சொந்த ஊராக இருந்தால், குழந்தைகள் பலரை வளர்த்த பாட்டியார் ஒருவர் வந்து பார்த்து, ஆறுதல் கூறிச் செல்வார். தில்லியில் கரோல் பாக்கிலும், மும்பையில் மாட்டுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களிலும் குடித்தனம் நடத்தும் நம் பெண்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் ஒரு யோசனை வருகிறது: 'தாய்ப்பால் இரண்டு துளி விட்டுப் பார், அம்மா.' அண்டை வீட்டு அம்மையார் சுர்மா தீட்டச் சொல்கிறார். மருத்துவரோ, குழந்தையை நன்கு பரிசோதித்த பின், 'மூக்கோரமாக விரலால் நீவி விடுங்கள். ஓராண்டு வரை காத்திருக்கலாம்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. 'இவ்வளவுதானா வைத்தியம்? நம் மொழி தெரியாதவர் என்பதால் நம் கவலையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ?' என்று தாய் ஐயுறுகிறாள்.

அவளுடைய ஐயம் இயல்பானதே. ஆனால், 'நீவி விடுங்கள். காத்திருங்கள்' என்னும் அந்தச் சிறிய அறிவுரை அலட்சியத்தால் பிறந்ததன்று. அதனைத் துணிந்து சொல்வதற்கு மருத்துவ உலகுக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நீண்ட வரலாற்றையே இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில், கண்ணீர் செல்லும் வழியை அறிந்துகொள்வது நலம். அழும்போது மட்டுமே கண்ணீர் சுரக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் கண்ணை ஈரமாக வைத்திருக்கும் பொருட்டு அது எப்போதும் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. சுரந்த நீர் எங்கே போகிறது? மூக்கை அடுத்துள்ள கண்முனையில், மேலிமையின் விளிம்பிலும் கீழிமையின் விளிம்பிலும் ஊசி முனை அளவான துளை ஒவ்வொன்று உண்டு. கண்ணாடியின் முன் நின்று கீழிமையைச் சற்று இழுத்துப் பார்த்தால் அதை நாமே காணலாம். அத்துளைகள் வழியே நீர் நுண்ணிய வாய்க்கால்களில் இறங்கி, மூக்கெலும்பின் ஓரத்தில் உள்ள கண்ணீர்ப் பையை அடைகிறது. பையிலிருந்து ஒரு குழாய் கீழ்நோக்கிச் சென்று மூக்கினுள் திறக்கிறது. நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதன் காரணம் இதுவே. ஏரிக்கு வரத்தும் உண்டு, கலிங்கும் உண்டு. கலிங்கு அடைத்தால் நீர் கரையைத் தாண்டி வழியும்; தேங்கிய நீர் கெடும். குழந்தையின் கண்ணில் நிகழ்வதும் அதுவே.

இந்த அடைப்பைப் பண்டையோர் அறிந்திருந்தனரா? அடைப்பினால் வரும் கேட்டை அறிந்திருந்தனர்; அடைப்பை அறிந்திலர். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவை ஆண்ட ஹம்முராபி மன்னன் தன் சட்டங்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தான். வெண்கலக் கத்தியால் கண்ணருகே கீறி, நோயாளியின் கண்ணைக் காப்பாற்றிய வைத்தியனுக்குப் பத்து ஷெக்கல் வெள்ளி கூலி என்று அதில் ஒரு விதி உள்ளது. கண் கெட்டுப்போனாலோ, வைத்தியனின் கையை வெட்டிவிட வேண்டும் என்பது அடுத்து வரும் விதி. அங்கே குறிக்கப்படும் நோய் கண்ணீர்ப் பையில் சீழ் கட்டுவதாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். வேறு பொருள் கொள்வோரும் உளர்.

நம் நாட்டின் தொன்மையான மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை இதனினும் தெளிவாகப் பேசுகிறது. கண் நோய்கள் எழுபத்தாறு என்று வகுக்கும் அந்நூல், அவற்றுள் ஒன்பதைக் கண்ணின் சந்திகளில், அதாவது பகுதிகள் கூடும் இடங்களில், தோன்றுவனவாகக் கூறுகிறது. அச்சந்திகளுள் மூக்கை ஒட்டிய முனையும் ஒன்று. சந்தியில் வீங்கி, வலித்து, சீழ் கசியும் நோய்க்குப் 'பூயாலசம்' என்று பெயர். கண்முனையிலிருந்து வலியின்றி ஒழுகும் நோய்களுக்கு 'ஸ்ராவம்' என்று பெயர். இவை 'அச்ரு மார்க்கம்' வழியாக, அதாவது கண்ணீர்ப் பாதை வழியாக, தோஷங்கள் வந்து சேர்வதால் உண்டாகின்றன என்பது அந்நூலின் விளக்கம். கண்ணீருக்கு ஒரு பாதை உண்டு என்பதையும், ஒழுகும் கண்ணுக்கும் அப்பாதைக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அந்நாளிலேயே எண்ணிப் பார்த்தனர் என்பது வியப்பூட்டுகிறது. ஆனால் இந்த ஸ்ராவங்களை அந்நூல் தீராத நோய்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. கருவி எட்டாத இடத்தில் வைத்தியன் தன் எல்லையை ஒப்புக்கொண்ட நேர்மை அதில் தெரிகிறது.

மேலை நாட்டினர் அவ்வாறு விட்டுவிடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர், கண்முனையில் புரையோடிய புண்ணை எலும்பு வரை அறுத்தெடுத்து, பின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுமாறு எழுதிவைத்தார். ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரபு மருத்துவ மேதை அல் ஸஹ்ராவியும், சூட்டுக்கோலையே இந்நோய்க்குப் பரிகாரமாகக் கூறினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நெருப்பு! நோயாளியைப் பிடித்துக்கொண்டோரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அம்முறை பல நூற்றாண்டுகள் நீடித்தது. சுடப்பட்ட சிலருக்கு எலும்பு துளைபட்டு, கண்ணீர் மூக்குக்குள் இறங்கப் புதிய வழி பிறந்திருக்கலாம். தேறியவர்களைக் கண்ட வைத்தியர், தேறிய காரணத்தை அறியாமலே நெருப்பைப் புகழ்ந்திருக்கவும் கூடும்.

அறியாமையின் வேர் எங்கே இருந்தது? கண்ணீர் மூளையிலிருந்து கசிந்து வருகிறது என்ற பழங்கொள்கையே நெடுங்காலம் நிலவி வந்தது. வரத்தே தெரியாதவர் கலிங்கை எவ்வாறு அறிவர்? 1662-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர், கண்ணின் மேற்புறத்தில் உள்ள சுரப்பியிலிருந்து நுண்குழல்கள் வழியாகவே கண்ணீர் வருகிறது என்பதை வெளியிட்டார். மூளைக்கும் கண்ணீருக்கும் இருந்ததாகக் கருதப்பட்ட நேர்வழி அத்துடன் அறுந்தது. வரத்து தெரிந்தது, இனிக் கலிங்கு தெரிய வேண்டும். 1702-இல் ஜெர்மனியின் ஜார்ஜ் எர்ன்ஸ்ட் ஸ்டால் அதையும் கூறினார். கண்முனைப் புண் தனியே தோன்றும் நோயன்று; குழாய் அடைபடுவதன் விளைவே அது என்றார். பிடில் நரம்பு ஒன்றை இமைத் துளை வழியே செலுத்தி வழியைச் சோதித்தார் என்றும் கூறுவர். புண்ணைச் சுடுவதற்குப் பதில் அடைப்பை நீக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்தே தொடங்குகிறது.

அவ்வெண்ணத்துக்குக் கருவி தந்தவர் பிரெஞ்சு ரண வைத்தியர் தொமினிக் அனெல். இத்தாலியின் ஜெனோவா நகரில் ஃபியெஸ்கி என்னும் பாதிரியாருக்கு இந்நோய் கண்டிருந்தது. அனெல் பன்றி மயிர் போன்ற மெல்லிய வெள்ளிச் சலாகை ஒன்றைச் செய்தார். நுனி மிகக் குறுகிய பீச்சாங்குழல் ஒன்றையும் செய்தார். இமைத் துளை வழியே சலாகையைச் செலுத்தி வழி கண்டார். பின் பீச்சாங்குழலால் நீரைச் செலுத்திக் குழாயைக் கழுவினார். அறுக்கவில்லை, சுடவில்லை. டூரின் நகரில் சவாய் கோமகனின் தாயாருக்கும் அவர் சிகிச்சை செய்தார். 1713-இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். புதுமை வந்தால் பூசலும் உடன் வருமன்றோ? அவரை எதிர்த்துத் துண்டு நூல்கள் எழுந்தன. அவற்றை எழுதியோரை இன்று எவரும் நினைப்பதில்லை. அனெலின் பீச்சாங்குழலோ அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. இன்றும் கண் மருத்துவமனையில் குழாயைக் கழுவிப் பார்க்கும் முறைக்கு அதுவே மூதாதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண் மருத்துவம் தனிக் கலையாக வளர்ந்தது. லண்டன் நகரில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-இல் தோன்றியது. அதற்குப் பதினான்கே ஆண்டுகள் கழித்து, 1819-இல், நம் சென்னையில் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று நம் பாட்டன்மார் அழைத்த நிலையம் அதுவே. ஆசியாவிலேயே பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று என்று அது போற்றப்படுகிறது. மூர்ஃபீல்ட்ஸில் பணியாற்றிய வில்லியம் போமன் 1850-களில் இமைத் துளையைச் சற்றே விரித்து, படிப்படியாகப் பருத்த சலாகைகளைச் செலுத்தும் முறையை வகுத்தார். போமன் சலாகை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்ட பின், இத்தகைய நுண்ணிய சிகிச்சைகளை வலியின்றிச் செய்யவும் வழி பிறந்தது.

இதுவரை கூறியவை பெரும்பாலும் வளர்ந்தோர் நோயைப் பற்றியவை. பச்சிளங் குழந்தையின் அடைப்பு வேறு வகையானது என்பது பின்னரே விளங்கிற்று. பிராக் நகரத்து ஜோசப் ஹாஸ்னர் 1850-இல் கண்ணீர்ப் பாதையைப் பற்றி எழுதிய நூலில், குழாய் மூக்கினுள் திறக்கும் வாயில் உள்ள சவ்வு மடிப்பை விவரித்தார். கருவில் குழாய் உருவாகும் விதத்தை ஆராய்ந்தோர் மற்றோர் உண்மையைக் கண்டனர். முதலில் அது குழாயே அன்று. திசுக்களால் ஆன திண்ணிய இழை. மாதங்கள் செல்லச் செல்ல அதன் நடுவே துளை விழுகிறது. கடைசியாகத் திறப்பது மூக்கினுள் உள்ள கீழ்முனை. பல குழந்தைகள் பிறக்கும்போது அந்த முனையில் மெல்லிய சவ்வு மூடியே இருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் கடைசிக் கதவு மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை. இது கெட்டுப்போன உறுப்பன்று. இன்னும் முற்றுப்பெறாத உறுப்பு. இந்த வேறுபாடு தெளிந்தவுடன் சிகிச்சையின் போக்கே மாறிற்று. கெட்டுப்போனதைப் பழுது பார்க்க வேண்டும். முற்றுப்பெறாததற்குக் காலம் கொடுக்க வேண்டும்.

1923-இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் கிரிக்லர், கத்தியும் சலாகையும் இல்லாத ஒரு முறையை வெளியிட்டார். கண்முனையில் விரலை வைத்து, பையிலிருந்து நீர் மேலே திரும்பாதபடி அழுத்தி, அப்படியே கீழ்நோக்கித் தள்ளினால், உள்ளே நிறைந்த நீரின் அழுத்தமே கீழ்முனைச் சவ்வை உடைத்துத் திறக்கும் என்பது அவர் கருத்து. தாயின் விரலே கருவி. குழந்தையின் கண்ணீரே மருந்து. 'நீவி விடுங்கள்' என்று இன்று நம் மருத்துவர் சொல்வது கிரிக்லர் கூறிய இம்முறையையே.

ஆயினும் வாதம் ஓயவில்லை. சில மாதங்களிலேயே சலாகை இட்டால், குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மயக்க மருந்தின்றி விரைவில் முடித்துவிடலாம் என்றனர் ஒரு சாரார். பெரும்பாலும் தானே திறக்கும் கதவை ஏன் தட்டி உடைக்க வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்கச் சான்று தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் 4,792 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து, 1991-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதல் ஆண்டில் ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தது. அவ்வாறு வடிந்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு ஓராண்டு நிறைவதற்குள் தானே சரியாகிவிட்டது. அமெரிக்காவில் ஆறு மாதம் கடந்த பின்னும் அடைப்பு நீடித்த குழந்தைகளைக் கவனித்து 2012-இல் வெளியான ஆய்விலும், சலாகை இடாமலே மேலும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கண்கள் தெளிந்தன. 'காத்திருங்கள்' என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்பவை இந்த எண்களே.

எஞ்சிய குழந்தைகளும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். ஓராண்டை ஒட்டியும் நீர் வடிந்தால், மயக்க மருந்து கொடுத்துச் சலாகை இடுவர். சில நிமிடங்களில் முடியும் வேலை அது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 78 கண்கள் முதல் முறையிலேயே சரியாயின. அதுவும் பயன்படாவிடில் மெல்லிய சிலிக்கோன் குழலைச் சில காலம் உள்ளே வைத்திருப்பர்; இம்முறை 1970 முதல் பரவியது. மிகச் சிலருக்கே, 1904-இல் இத்தாலியின் டோட்டி வகுத்தபடி, பையிலிருந்து மூக்குக்குப் புது வழி அமைக்கும் அறுவை மருத்துவம் தேவைப்படும். செல்சஸ் நெருப்பால் துளைத்த இடத்துக்கு அருகிலேயே இன்று அளந்து, அறிந்து, வலியின்றி வழி செய்கிறார்கள்.

இனி நம் வீட்டுத் தொட்டிலுக்குத் திரும்புவோம். நீவும் முறையை மருத்துவரிடம் ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நலம். நகங்களை வெட்டி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். சுட்டுவிரல் நுனியைக் கண்முனைக்கும் மூக்குக்கும் இடையே வைத்து, சற்று அழுத்தி, மூக்கோரமாகக் கீழ்நோக்கி நீவ வேண்டும். கன்னத்தைத் தடவுவது போதாது. கண்விழியை அழுத்துவது கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பால் கொடுக்கும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் மறவாது. பீளையைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த தூய பஞ்சால் துடைக்கலாம். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது. பீளை மிகுந்தால் மட்டுமே சொட்டு மருந்து. அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே. சொட்டு மருந்து பீளையைக் குறைக்கும், கதவைத் திறக்காது.

தாய்ப்பாலைப் பற்றிப் பாட்டியார் சொன்னதில் அன்பு உண்டு. தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சவ்வைத் திறக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஊட்டுவதற்கே அது உரியது. கண்மையும் சுர்மாவும் வேண்டவே வேண்டா. சில சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குப் பகை. 

காத்திருத்தல் வேறு, கவனியாதிருத்தல் வேறு. சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிறந்த முதல் மாதத்தில் இமைகள் வீங்கிக் கெட்டியான சீழ் பெருகினால், அது பிரசவத்தின்போது தொற்றிய கண்நோயாக இருக்கலாம். பார்வையையே பறிக்கக்கூடிய நோய் அது. 1881-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து கிரெடே, பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு துளி இட்டு, தம் மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளைத் தாக்கி வந்த அந்நோயை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்துக் காட்டினார். கண்முனை சிவந்து வீங்கி, தொட்டால் குழந்தை வீறிட்டுக் காய்ச்சலும் கண்டால், பையில் சீழ் கட்டியிருக்கலாம். பிறந்தவுடனே கண்முனைக்குக் கீழ் நீலம் பாரித்த சிறு கட்டி இருந்தால், அது மூக்கினுள்ளும் புடைத்து மூச்சுக்குத் தடையாகலாம். வெளிச்சத்தைக் கண்டு குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தோன்றினாலோ, அது குழாய் அடைப்பு அன்று. கண்ணின் உள்ளழுத்தம் மிகும் நோயாக இருக்கலாம். அங்கே காத்திருப்பது பார்வைக்கே கேடு. இவ்வேறுபாட்டை அறிவதற்காகத்தான், 'ஒன்றுமில்லை' என்று நாமே முடிவு செய்யாமல், முதலில் ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது.

மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் செல்லும்போது, குழந்தைக்கு நீர் வடியத் தொடங்கிய நாள், எந்தக் கண், பீளை எவ்வளவு, வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்னும் நான்கையும் குறித்துக்கொண்டு போனால் போதும். மற்றவற்றை அவர் பார்த்தே அறிவார்.

பண்டைக் கால வைத்தியர் கையில் கத்தி இருந்தது. பின்னர் நெருப்பு இருந்தது. அதன்பின் வெள்ளிச் சலாகை வந்தது. உண்மை விளங்க விளங்க, கருவி மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் தாயின் விரல் நுனியில் நின்றது. மருந்துச் சீட்டு வெறுமையாக இருக்கிறதே என்று வருந்தும் தாய், அந்த வெறுமையில் எத்தனை நூற்றாண்டுகளின் அறிவு அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பாளாக. நாள்தோறும் சில நிமிடங்கள், அழுக்கற்ற விரல், அவசரமற்ற மனம் ஆகிய மூன்றும் இருந்தால், பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குள் அந்தக் கண் தெளிந்திருக்கும்.